துண்டு விக்கத் தூத்துக்குடியா, நாகப்பட்டணமா, நாகர்கோவிலா? ஒரு சென்னிமலைக்காரனோட கணக்கு

எங்க ஊடு சென்னிமலைங்க. பத்து பவர்லூம் ஓடுது, துண்டு, கைலி, மெலிசு பெட்ஷீட்டு இது மூணுந்தான் நம்ம சரக்கு. இத்தன வருசமா ஈரோடு கனி மார்க்கெட்டுங்கற வார ஜவுளிச் சந்தையையே நம்பி ஓட்டீட்டு இருந்தோம், திங்கக்கிழமை பொழுதோட மூட்டையக் கொண்டுபோயி எறக்குனா செவ்வாக்கிழமைக்குள்ள வித்தது வித்தது, இல்லைனா திருப்பி ஏத்தீட்டு வரோணும். அதுல கடல்கரைப் பக்கத்து யாவாரிங்க ஒரு பத்து பேர் நமக்கு ரெகுலர். நல்ல மனுசங்க தான், ஆனா கடன். பணம் கேட்டுப் போன் அடிச்சா ஒருத்தர் "மீன் தடைக்காலம் முடியட்டும்ணே"ம்பாரு, இன்னொருத்தர் "அறுப்பு ஆகட்டும்ணே"ம்பாரு, மூணாவது ஆளு "மழை உட்டு உப்புப் பாத்தி காயட்டும்"ம்பாரு. இப்படியே ஆறு மாசம் இழுக்கும்.

போன கெடா விருந்துல எங்க மச்சான் எலை முன்னாடி ஒக்காந்துட்டு, அவிய ஊருக்கே போயி நாமளே ஒரு கடையும் குடோனும் போட்டா என்னன்னு ஆரம்பிச்சு வெச்சாரு. கையில பதினெட்டு லட்சம் இருக்குது, ஒரே ஒரு எடம் தான் புடிக்க முடியும். அவருக்கு நாகர்கோவில் மேல ஒரு கண்ணு, எனக்குத் தூத்துக்குடி, எங்கய்யன் மட்டும் "நாகப்பட்டணம் தாண்டா கிட்ட, டீசல் மிச்சம்"னுட்டாங்க. மூணு பேரும் மூணு தெசையில நின்னா ஆகாதுன்னு நானு 2011 சென்சஸ் நம்பரை எல்லாம் எடுத்து ஒக்காந்தேன், அப்பறம் மூணு ஊருக்கும் போயிட்டும் வந்தேன். அந்தக் கணக்கு தான் இது. நம்பர் பழசு தான், என்ன பண்றது, 2021ல எடுக்க வேண்டியத எடுக்கவே இல்ல, அடுத்த தலைக்கணக்கு 2027ல தான் வருது. அதுவரைக்கும் இதை வெச்சுத் தான் ஓட்டோணும்.

முதல்ல தமிழ்நாட்டுக் கடல்கரையப் பத்தி ஒரு வார்த்தை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல, 14 மாவட்டம். அதுல மெட்ராஸ் பக்கம் நமக்கு ஆகாது, அங்க போயி பதினெட்டு லட்சத்துக்கு அட்வான்ஸ் கூடப் பத்தாது. கடலூர் பெரிய மாவட்டம், 26 லட்சம் சனம், ஆனா அங்க ஏற்கனவே நம்ம ஒறம்பரைல ஒருத்தர் ஏஜென்சி வெச்சிருக்கறாரு, அவரு வயித்துல அடிக்க மனசில்ல. ராமநாதபுரத்துல கடல்கரை நீளம், சனம் கம்மி, மாவட்டம் முழுசுக்கும் 13 லட்சத்து 53 ஆயிரம், அதுவும் செதறிக் கெடக்குது. அந்த ஊர்ப் பசங்க பாதி நம்ம திருப்பூர்ல தான் இருக்கறாங்க. அதனால நாங்க மூணு பேரும் சொன்ன அந்த மூணையே கணக்குக்கு எடுத்தேன்.

மூணு மாவட்டத்தையும் பேப்பர்ல பாத்தா கிட்டத்தட்ட ஒரே அளவாத்தான் தெரியும். தூத்துக்குடி 17 லட்சத்து 50 ஆயிரம், நாகப்பட்டணம் 16 லட்சத்து 16 ஆயிரம், கன்னியாகுமரி 18 லட்சத்து 70 ஆயிரம். நம்ம ஈரோடு 22 லட்சத்து 51 ஆயிரம், அதைவிட எல்லாமே கொஞ்சம் சின்னது. மச்சான் இதைப் பாத்த ஒடனே "அப்ப கன்னியாகுமரி தான் பெருசு, முடிஞ்சுது"ன்னாரு. இப்படி நம்பரை மேலாப்புல பாத்துட்டு முடிவு பண்றவியள நெறைய பாத்திருக்கறேன், நானும் ஒரு தடவ அப்படிப் பண்ணித் தான் கரூர்ப் பக்கம் ஒரு ஷெட்டு வாடகைக்குப் புடிச்சு ஒன்ற லட்சம் உட்டேன். அது தனிக் கதை.

நாகப்பட்டணத்துல மொத ஓட்டை என்னன்னா, அந்த 16 லட்சம் இப்ப அந்த மாவட்டத்துலயே இல்ல. 2020 டிசம்பர்ல மயிலாடுதுறையத் தனி மாவட்டமாப் பிரிச்சுட்டாங்க, பிரிச்சதுக்கு அப்பறம் நாகப்பட்டணத்துல நிக்கறது சுமார் 7 லட்சம் தான், மயிலாடுதுறைக்கு 9 லட்சம் போச்சு. மாவட்டம் பிரிஞ்சா சனம் எங்கயும் ஓடிப் போறதில்ல தான், ஆனா கலெக்டர் ஆபீசு, பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டுன்னு எதுக்கு எந்த டவுனுக்கு வருவாங்களோ அங்க தான் துணியும் வாங்குவாங்க. முன்னாடி கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்க வந்த சீர்காழிக்காரரு திரும்பிப் போறப்ப ரெண்டு துண்டு வாங்கிக்கலாம். இப்ப அவருக்கு நாகப்பட்டணம் வர்றதுக்கு வேலையே இல்ல.

ரெண்டாவது, அங்க டவுன் சனம் கம்மி. பிரிக்கறதுக்கு முன்னாடிக் கணக்குலயே 100க்கு 23 பேர் கூட டவுன்ல இல்ல, மிச்சமெல்லாம் ஊராட்சி. தமிழ்நாட்டுக்கே சராசரி 48, தூத்துக்குடி 50, நம்ம ஈரோடு 51, திருப்பூர் 61, கோயமுத்தூர் 75ஐத் தாண்டி. நாகப்பட்டணம் நகராட்சி மட்டும்னா 1 லட்சத்து 3 ஆயிரம். தூத்துக்குடி மாநகராட்சியில 2 லட்சத்து 37 ஆயிரம், அதுவும் 2011 நம்பரு. நாகர்கோவில் 2 லட்சத்து 24 ஆயிரம்.

கன்னியாகுமரில டவுன் சனம் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? 100க்கு 82. கோயமுத்தூரையே தூக்கிச் சாப்பிடுது. மச்சான் மூஞ்சியப் பாக்கோணுமே, லாட்டரி அடிச்ச மாதிரி. ஆனா நானு போயிப் பாத்ததுல அந்த 82க்கு அர்த்தமே வேற. அங்க அம்பதுக்கும் மேல பேரூராட்சி இருக்குது, ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டிக்கெடக்குது, தென்னந்தோப்பு, வாழை, ஒரு சர்ச்சு, நாலு ஊடு, ஒரு கொளம், மறுபடி தென்னந்தோப்பு. சென்சஸ்காரர் அதை நகரம்னு எழுதிட்டாரு, அவரு மேல தப்பில்ல, ஆனா நம்ம ஈரோடு மாதிரி ஒரே கடைவீதிக்கு எல்லாரும் வந்து விழற நகரம் இல்ல அது. தக்கலைக்கு ஒரு கடைவீதி, மார்த்தாண்டத்துக்கு ஒண்ணு, கொளச்சலுக்கு ஒண்ணு. நாகர்கோவில்ல கடை போட்டா மார்த்தாண்டத்துக்காரங்க வருவாங்கன்னு எழுதிக் குடுக்க முடியாது, அவங்களுக்குத் திருவனந்தபுரமே பக்கம்.

ஆனா ஒண்ணு, சனம் நெருக்கம்னா அங்க தான். ஈரோடு மாவட்டத்துல மூணுல ஒரு பங்கு கூட வராத எடத்துல அம்புட்டு பேரு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111. நாகப்பட்டணம் 668, ஈரோடு 391, தூத்துக்குடி 378. நானு ஒரு கணக்குப் போட்டேன், கடையச் சுத்தி பத்து கிலோமீட்டரு, அதாவது பைக்குல அரை மணி நேரத்துல வர்ற தூரம், ஒரு வட்டம் போட்டா 314 சதுர கிலோமீட்டர் வரும். நாகர்கோவில் கொஞ்சம் உள்ளார இருக்கறதால வட்டம் பெரும்பாலும் தரை தான், சராசரிப்படி பாத்தாலே மூணரை லட்சம் பேரு சிக்குவாங்க. தூத்துக்குடியும் நாகப்பட்டணமும் கடலு மேலயே ஒக்காந்திருக்கற ஊரு, அங்க வட்டம் போட்டா பாதி தண்ணிக்குள்ள போயிருது. மீன் துண்டு வாங்காதுங்களே. இதை நம்மூர்க்காரங்க யாரும் யோசிக்கறதில்ல, ஏன்னா நமக்குச் சுத்தி நாலு பக்கமும் காடு தோட்டம் ஊருன்னு இருக்கும், எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாடிக்கை இருப்பான். கடல்கரைல பாதிச் சந்தைய ஆண்டவனே எடுத்துட்டான்.

அந்தக் கணக்குப்படி நாகர்கோவில் மொதல், டவுனுக்குள்ளயே 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் இருக்கறதால தூத்துக்குடி ரெண்டு, நாகப்பட்டணம் மூணு. இதோட நிறுத்தியிருந்தா மச்சான் செயிச்சிருப்பாரு.

இப்ப ஆம்பள பொம்பள கணக்குக்கு வாரேன், இது எனக்கே ஆச்சரியம். 1000 ஆம்பளைக்கு தூத்துக்குடில 1023 பொம்பளைங்க, நாகப்பட்டணத்துல 1025, கன்னியாகுமரில 1019. ஈரோட்டுல 993. பொம்பளைங்க ஜாஸ்தின்னா சந்தோசம் தான், ஆனா கடைசில என்னன்னா அந்த ஊரு ஆம்பளைங்கள்ல ஒரு பங்கு ஊர்லயே இல்ல. வளைகுடா, கப்பல் வேல, மெட்ராஸ், அப்பறம் நம்ம திருப்பூர். 2001லிருந்து 2011 வரைக்கும் நாகப்பட்டணம் 100க்கு எட்டரை பேர் தான் வளந்துது, கன்னியாகுமரி பதினொன்னரை, மாநிலமே பதினஞ்சரை. அதே பத்து வருசத்துல திருப்பூர் 29. அங்க கொறைஞ்சதுல ஒரு பகுதி இங்க வந்து கூடியிருக்குது, எங்க பக்கத்து கம்பெனில ஓவர்லாக் அடிக்கற பையன் வேதாரண்யம், செக்கிங் பொண்ணு திருவாடானை. நாம அங்க போயித் தேடப்போற வாடிக்கை, இங்க நம்ம தெருவுலயே ரூம் எடுத்து இருந்துட்டு மாசாமாசம் ஊட்டுக்குப் பணம் அனுப்பீட்டு இருக்கறான்.

இதனால சரக்கே மாறோணும்னு தெரிஞ்சுது. மச்சான் கைலி தான் ஓடும், மீன்காரங்க எல்லாம் கைலி தானேன்னு முக்கால் பங்கு கைலிக்கு நூல் வாங்கிருவாரு போல இருந்தாரு. கடைக்கு வந்து காசெடுத்துக் குடுக்கறது பொம்பளைங்கன்னா துண்டும் பெட்ஷீட்டும் முன்னாடி, நைட்டி வெளில வாங்கி ஒரு அலமாரி, கைலி பின்னாடி. ஆமா, கைலின்னு போர்டு வெச்சாலும் தெக்க ஆகாது, தூத்துக்குடி நாகர்கோவில் பக்கம் அதுக்குப் பேரு சாரம். மொதல் நாள் ஒரு பெரியவர் "சாரம் இருக்கா"ன்னு கேட்டப்ப நானு கட்டடத்துக்குக் கட்டற சாரம்னு நெனைச்சு முழிச்சேன்.

படிப்புல கன்னியாகுமரி 91.75 சதவீதம், தூத்துக்குடி 86, நாகப்பட்டணம் 83 சொச்சம், எங்க ஈரோடு 72 சொச்சம். சிரிக்காதீங்க. எங்க பக்கம் பத்தாவது பெயிலானவன் தறி போட்டு எட்டு பேருக்குச் சம்பளம் குடுப்பான், அங்க எம்.எஸ்சி படிச்சவங்க வாத்தியார் போஸ்டிங்குக்குக் காத்திருப்பாங்க, எது நல்லதுன்னு நானு சொல்ல வரல. யாவாரத்துக்கு இதுல என்ன இருக்குதுன்னா, படிச்ச ஊர்ல பில்லு கேப்பாங்க, சாயம் போனா திருப்பிக் கொண்டு வருவாங்க, அளவு ரெண்டு இஞ்சு கம்மின்னா டேப் வெச்சு அளப்பாங்க. மார்த்தாண்டத்துல ஒரு டீச்சரம்மா நெசமாவே அளந்தாங்க. 60 இஞ்சு துண்டு 58 இருந்துது. அன்னைக்கு எனக்கு வேர்த்த வேர்வை இருக்குதே.

சரி, சனத்தை எண்ணியாச்சு, காசு எங்கிருந்து வருதுன்னு பாக்கோணும். இங்க தான் எங்க கடன்கார யாவாரிங்க சொன்ன சாக்கெல்லாம் ஞாவகம் வந்துது. மீன் தடை, அறுப்பு, மழை. அவிய பொய் சொல்லல, ஊரோட காலண்டரைத் தான் சொல்லியிருக்கறாங்க, நாந்தான் சாக்குன்னு நெனைச்சுட்டேன். நம்மூர்ல சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம், தறி ஓடற வரைக்கும் காசு ஓடும். கடல்கரைல காசு மாசத்துக்கு மாசம் மாறுது.

நாகப்பட்டணத்துல ரெண்டு காசு, மீனும் நெல்லும். வங்காள விரிகுடாப் பக்கம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அந்த ரெண்டு மாசம் கவருமெண்டு குடும்பத்துக்கு 8,000 ரூவா நிவாரணம் குடுக்குது, அதுல அரிசி பருப்பு தான் வாங்க முடியும், துண்டா வாங்குவாங்க? அதே சமயம் வயல்லயும் ஒண்ணும் இருக்காது, சம்பா அறுப்பு தை மாசியிலயே முடிஞ்சிரும், குறுவைக்கு மேட்டூர்த் தண்ணி வரோணும். அதாவது சித்திரை வைகாசி ரெண்டும் ஒரே சமயத்துல வத்திரும். ஜூன் 12ம் தேதி மேட்டூர் தொறக்கோணும்ங்கறது கணக்கு, 2024ல ஜூலை கடைசில தான் தொறந்தாங்க, 2023ல தேதிக்குத் தொறந்தும் அக்டோபர்லயே நிறுத்தியாச்சு. நாகப்பட்டணத்துல ஒரு ஜவுளிக்கடைப் பெரியவரு எங்கிட்டச் சொன்னாரு, "தம்பி, நீங்க ஈரோட்டுல இருந்து வர்றீங்க, ஆத்துல தண்ணி எவ்வளவு போவுது? அதப் பாத்துட்டுத் தான் நான் தீவாளிக்கு சரக்கு எடுப்பேன்." பவானி கூடுதுறைல நாம கால் நனைக்கற தண்ணி தான் அங்க போயி ஜவுளி விக்குது. எனக்கு அதக் கேட்டு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

நாகப்பட்டணத்துக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்குது, சொல்லாம உடக் கூடாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29லிருந்து செப்டம்பர் 8 வரைக்கும், நடந்தே வர்ற சனம், ரோட்டோரம் மண்டபம் கடல்கரைன்னு கெடைச்ச எடத்துல படுக்கற சனம். ஒரு மெலிசு பெட்ஷீட்டும் ஒரு துண்டும் அவங்களுக்குக் கட்டாயம் வேணும். நாகூர்க் கந்தூரியும் பக்கத்துலயே. ஆனா அது பத்துப் பதினஞ்சு நாள் யாவாரம், அதுக்குன்னு வருசம் பூரா வாடகை குடுக்க முடியுமா, அந்த நாளுக்கு மட்டும் ஒரு டாட்டா ஏஸ்ல சரக்கு ஏத்தீட்டுப் போனாப் போச்சு.

புயல் கணக்கும் உண்டு. 2004 சுனாமில தமிழ்நாட்டுல செத்துப்போன சுமார் 8,000 பேருல 6,065 பேர் நாகப்பட்டணம் மாவட்டம் ஒண்ணுல. 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்ப ஒரே ராத்திரில தென்னையெல்லாம் படுத்துருச்சு. குடோன் போடறவன் இதையெல்லாம் யோசிக்கோணும்.

கன்னியாகுமரில காசு அப்படி ஏறி எறங்கறதில்ல. வெளிநாட்டுப் பணம், கவருமெண்டு சம்பளம், ரப்பர், தென்னை, வாழை, மீனு. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15லிருந்து தடை, மேக்குக் கடலுக்கு ஜூன் 1லிருந்து ஜூலை 31 வரைக்கும், ஒரே மாவட்டத்துல ரெண்டு தடை. ஜூன் மொத ரெண்டு வாரம் போக, ஒரு பக்கம் நிக்கறப்ப இன்னொரு பக்கம் ஓடும். மழையும் ரெண்டு, தென்மேக்கும் வடகெழக்கும். நோம்பியும் ரெண்டு, இந்து 49 கிறிஸ்டியன் 47ன்னு கிட்டத்தட்ட சரிபாதி இருக்கறதால தீவாளி சீசன் முடிஞ்ச கையோட கிறிஸ்மஸ் சீசன், கடைக்காரனுக்கு மூணு மாசம் மூச்சு உட நேரம் இருக்காது. பேப்பர்ல பாத்தா இதைவிட நல்ல ஊரு இல்ல.

அப்பறம் ஏன் வேண்டாங்கறேன்? மூணு காரணம். தூரம், சென்னிமலைலிருந்து மதுரை போயி அங்கிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 440 கிலோமீட்டரு, தூத்துக்குடி 340, நாகப்பட்டணம் காங்கயம் திருச்சி தஞ்சாவூர்னு போனா 290. மூட்டை யாவாரத்துல நூறு கிலோமீட்டர் கூடுனா லாபத்துல பாதி டீசலுக்குப் போயிரும். ரெண்டு, அங்க பெரிய பெரிய ஜவுளிக்கடை, ஏசி போட்டு லிப்டு வெச்சு நாலு மாடி, அவங்களோட போயி நம்ம பதினெட்டு லட்சம் எங்க மோதறது. மூணாவது தான் முக்கியம், காசு இருக்கற ஊர்ல சாதாத் துண்டுக்கு மரியாதை இல்ல. டர்க்கி டவல் கேக்கறாங்க, பிராண்டு கேக்கறாங்க. நம்ம தறில வர்றது வேல செய்யறவங்க தலைல கட்டற துண்டு. அது யாருக்கு வேணும்னு பாக்கோணும்.

அது தூத்துக்குடில உப்பளத்துக்குப் போனப்பத் தான் வெளங்குச்சு. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எல்லாரும் தூத்துக்குடின்னா ஹார்பர்ம்பாங்க. வருசத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல சரக்கு, 20 அடி கன்டெய்னர் கணக்குல 7 லட்சத்துக்கு மேல, நம்ம திருப்பூர் பனியனே அந்த வழியாத் தான் கப்பல் ஏறுது. 2025 ஆகஸ்ட்ல வியட்நாம் கார் கம்பெனி வின்பாஸ்ட் தொறந்தாச்சு, குலசேகரப்பட்டணத்துல ராக்கெட் தளம் கட்டறாங்க, ஏர்போர்ட்டு பெருசாயிருச்சு. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா கன்டெய்னருக்குள்ள இருக்கற பணம் அந்த ஊரு வழியாப் போகுதே ஒழிய அம்புட்டும் அங்க எறங்கறதில்ல, எறங்கறது லாரி வாடகை, ஏத்துக்கூலி எறக்குக்கூலி, ஆபீசு சம்பளம். நானு ஹார்பரை நம்பிக் கடை போடல. ஹார்பரோட, உப்பு, மீனு, அனல்மின் நிலையம், உள்ளார கோவில்பட்டித் தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்துல வாழையும் நெல்லும்னு அஞ்சாறு காசு வேற வேற மாசத்துல வருது பாருங்க, அதை நம்பித் தான்.

மீன் தடை இருக்கற ஏப்ரல், மே, ஜூன்ல தான் உப்பு கொழிக்கும். வெயிலு எம்புட்டு எரிக்குதோ அம்புட்டு உப்பு. மாசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் உப்பு வார்றாங்க. ஐப்பசி மழைல உப்பு நின்னா அப்ப மீனு ஓடும், தீவாளி போனஸ் வரும். மழை மாசத்துக்கு உப்பளத் தொழிலாளிக்குக் கவருமெண்டு 5,000 குடுக்குது. படகுக்காரனும் உப்பளத்துக்காரனும் வேற வேற குடும்பந்தான், ஒருத்தன் காசு இன்னொருத்தனுக்குப் போகாது, ஆனா கடைக்காரனுக்கு ஒரு மாசம் இவன் வருவான் ஒரு மாசம் அவன் வருவான். நாகப்பட்டணத்துல ரெண்டும் ஒண்ணா வத்துது, இங்க மாத்தி மாத்தி ஊறுது. பதினெட்டு லட்சத்துல கடை போடறவனுக்கு ரெண்டு மாசம் தொடர்ந்து கல்லா காலியா இருந்தா வாடகையே முழுங்கிரும், அதனால எனக்கு மொத்த வருமானத்தை விட இந்த மாத்தி மாத்தி வர்றது தான் பெருசாத் தெரிஞ்சுது.

உப்பளத்துல காலைல அஞ்சு மணிக்கே ஆளு எறங்கிருது, ஏன்னா பத்து மணிக்கு மேல கண்ணத் தொறக்க முடியாது, கீழ வெள்ளை மேல வெள்ளை. பொம்பளைங்க தான் ஜாஸ்தி, சேலை மேல ஆம்பளைச் சட்டை, தலைல துண்டு சும்மாடு, அதுக்கு மேல கூடை. நானு சாம்பிள் மூணு டஜன் கொண்டு போயிருந்தேன், கலர்த் துண்டு. ஒரு அக்கா எடுத்துப் பாத்துட்டு, "அண்ணாச்சி, உப்புத் தண்ணில சாயம் நிக்குமா?"ன்னாங்க. நிக்கும்ங்கன்னேன். "எல்லாரும் நிக்கும்னு தான் சொல்லுதாவ"ன்னு சொல்லிட்டு ஒரு செவப்புத் துண்டை எடுத்து அங்கயே பாத்தித் தண்ணில முக்கி, முறுக்கி, வரப்பு மேல போட்டுட்டாங்க. மத்தியானம் போயிப் பாத்தா ஓரத்துல உப்புப் பூத்து மொடமொடன்னு அட்டை மாதிரி நிக்குது, அடியில வெள்ளை உப்பு மேல ரோசாக் கலர்ல ஒரு கறை. அந்த உப்பளக் கணக்கப்புள்ளைக்குக் கோவம், பாத்தி உப்புல சாயம் பட்டுருச்சேன்னு. அந்தக்கா சிரிச்சுட்டே, "வெள்ளையும் நீலக்கோடும் கொண்டாங்க, சாயம் போவாம கொண்டாங்க, வாங்குதோம்"னாங்க. பாத்தா ஒரு தலைக்கு மாசம் ஒரு துண்டு கிழியுது அங்க, உப்பு நூலைத் தின்னுருது. எங்க பக்கம் ஒரு ஊட்டுக்கு வருசத்துக்கு நாலு துண்டுன்னு வெச்சுக்குவோம். இதெல்லாம் எந்த சென்சஸ்லயும் வராது.

அதுக்காகத் தூத்துக்குடி சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். தண்ணி பயம் அங்கயும் உண்டு, 2023 டிசம்பர் 17, 18ல பக்கத்துக் காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நம்ம ஈரோட்டுல ஒரு வருசம் முழுசும் பேஞ்சாலே 70ஐச் சுத்தித் தான். எங்ககிட்ட சரக்கு எடுத்த ஒரு யாவாரிக்கு அன்னைக்கு நாப்பது மூட்டை நனைஞ்சு நாறிப்போச்சு, நமக்கு வர வேண்டிய காசும் அதோட போச்சு, கேக்கவும் மனசு வரல. அப்பறம், பெரிய செலவுன்னா தூத்துக்குடிக்காரங்க அம்பது கிலோமீட்டர்ல இருக்கற திருநெல்வேலிக்குப் போயிருவாங்க, கண்ணாலப் பட்டெல்லாம் அங்க தான். துண்டு வாங்க யாரும் திருநெல்வேலி போறதில்லைங்கறது நமக்கு வசதி. 2018ல தாமிர ஆலை மூடுனதுக்கு அப்பறம் அதை நம்பியிருந்த சில கடைகள் ஷட்டர் எறக்குச்சுன்னு சொன்னாங்க, ஆனா அந்த ஆலைய எதுத்து நடந்த போராட்டத்துல துப்பாக்கிச்சூட்டுல 13 உசுரு போன ஊர்ல நின்னுட்டு யாவாரக் கணக்கு மட்டும் பேசறதுக்கு நாக்கு கூசுது. அதோட உட்டுடறேன்.

இதெல்லாம் சொல்லி மச்சான ஒத்துக்க வெக்கறதுக்கு மூணு நாளாச்சு. அவரு கடைசி வரைக்கும் "1,111டா மாப்ள, 1,111"ன்னு அந்த நம்பரையே சொல்லீட்டு இருந்தாரு. சரி நாகர்கோவிலையும் உடவேண்டாம், அங்க இருக்கற சின்னக் கடைங்களுக்குத் தூத்துக்குடி குடோன்லிருந்து வாரம் ஒரு தடவ லைன் போட்டுடலாம்னு பேசி முடிச்சோம், மூணு மணி நேர ஓட்டம் தான். நாகப்பட்டணத்துக்கு வேளாங்கண்ணி சீசனுக்கு மட்டும் வண்டி. கடை தூத்துக்குடில மெயின் பஜாருக்கு ரெண்டு தெரு தள்ளி பாத்து வெச்சிருக்கறோம், குடோன் கட்டாயம் மாடில, வாடகை ஆயிரம் கூடக் கேட்டாலும் சரி. நூல்காரர் கிட்ட வெள்ளை, நீலக்கோடு சொல்லியாச்சு, சாயப்பட்டறைக்காரருக்கு நானே ஒரு பக்கெட்டுல கல்லுப்பு கரைச்சுக் கொண்டு போயிக் குடுத்துட்டு வந்திருக்கறேன், இதுல முக்கி வெச்சு மூணு நாள் கழிச்சு காட்டுங்கன்னு. அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு.

எங்கய்யன் கிட்ட நேத்துப் பொழுதோட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். திண்ணைல ஒக்காந்துட்டு முழுசாக் கேட்டாங்க, 17 லட்சம் 18 லட்சம் எதுக்கும் ஒண்ணும் சொல்லல. கடைசில, "ஏம்பா, ஊரே உப்புங்கறயே, கடைல இருக்கற பையன் குடிக்கறதுக்குத் தண்ணி?"ன்னாங்க. வல்லநாட்டுலிருந்து தாமிரபரணித் தண்ணி வருதுங்கய்யான்னேன். "ஆத்துத் தண்ணியா, அப்பச் செரி"ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. ஆடி போகட்டும், ஆவணில நல்ல நாள் பாத்து முருகன் கிட்ட ஒரு பூ உத்தரவும் கேட்டுட்டு வண்டி ஏத்தலாம்னு இருக்கறோம்.